பூனைக்கும் காப்புறுதி வேண்டுமா?

பூனைக்குக் காப்புறுதி என்று சொன்னால் நம்மிற் பலர் நகைப்பர். மனிதருக்குக் காப்புறுதி செய்யவே கையிற் பணம் போதாதிருக்க, அடுப்பங்கரையிற் சுருண்டு கிடக்கும் பூனைக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்பர். நானும் ஒரு காலத்தில் அவ்விதம் கேட்டவனே. இப்பொழுது கேட்பதில்லை. அதற்கான காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் சாம்பல் நிறமான ஆண்பூனை ஒன்று ஐந்து ஆண்டுகள் வளர்ந்தது. ஒரு மாதக் கடைசியில் அது தன் மணற்றட்டிற்கு அடிக்கடி சென்று குந்துவதையும், ஒன்றுஞ் செய்யாமல் எழுந்து வருவதையும் கண்டோம். மலச்சிக்கல் என எண்ணி வீட்டில் இருந்த எண்ணெயைச் சிறிது புகட்டினோம். மறுநாள் அது உணவை மறுத்தது. வைத்தியரிடங் கொண்டுபோக வேண்டும் என்று மனைவி சொன்னார். சம்பளம் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதுவரை பார்ப்போம் என்றேன் நான். மூன்றாம் நாள் கொண்டுசென்றபோது வைத்தியர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்திலேயே, சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கிறது என்றார். தம்மால் இயன்ற யாவற்றையும் அவர் செய்தார். அன்றிரவே பூனை இறந்தது. என் மகள் அழவில்லை. சில நாட் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கையில் பணம் இருந்திருந்தால் முதல் நாளே கொண்டுபோயிருப்பீர்களா, அப்பா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இந்தப் பேச்சு. காப்புறுதி இருந்திருந்தால் அந்தப் பூனை பிழைத்திருக்குமா? பூனை வளர்க்கும் ஒரு குடும்பம் காப்புறுதியை எவ்விதம் தேர்ந்தெடுத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

முதலிற் காப்புறுதி என்பது யாது என்பதைத் தெளிந்துகொள்ளல் நன்று. நம் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. அங்கத்தவர் ஒவ்வொருவரும் மாதந்தோறுஞ் சிறு தொகை கட்டுவர். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் சங்கம் பந்தலுக்கும் பெட்டிக்கும் பணங் கொடுக்கும். யார் வீட்டில் எப்பொழுது நேரும் என்பது எவருக்குந் தெரியாது; ஆனால் ஓர் ஆண்டில் ஏறக்குறைய எத்தனை வீடுகளில் நேரும் என்பதை மதிப்பிடலாம். பலர் கட்டுஞ் சிறு தொகை, சிலருக்கு நேரும் பெருஞ் செலவைத் தாங்குகிறது. காப்புறுதியின் உயிர்நிலை இதுவே. கம்பனி வைத்திருப்பது இதே சங்கத்தின் பெரிய உருவம். வேறுபாடு என்னவெனில், அங்கே எல்லாம் எழுத்தில் உள்ளன. எழுத்தில் இல்லாதது எதுவுங் கிடையாது.

விலங்குகளுக்குக் காப்புறுதி செய்வது புதிய வழக்கமன்று. சுவீடன் நாட்டில் 1890 ஆம் ஆண்டிலேயே குதிரைகளையும் கால்நடைகளையும் காப்புறுதி செய்யத் தொடங்கினர். அந்நாட்டிலேயே 1924 இல் ஒரு நாய்க்குக் காப்புறுதிப் பத்திரம் வழங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1947 இல் இவ்வழக்கம் தோன்றியது. அமெரிக்காவில் 1982 இல் முதற் பத்திரம் பெற்றது, தொலைக்காட்சியிற் புகழ் பெற்ற லாசி என்னும் நாய். அண்டை நாடாகிய இந்தியாவிலும் அண்மைக் காலத்தில் வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் உரிய பத்திரங்கள் விற்பனைக்கு வந்துள்ளன.

நம் நாட்டிலும் விலங்குக் காப்புறுதியின் வேர் உழவர் வாழ்விலேயே உள்ளது. 1958 இல் நெற்பயிருக்குப் பரீட்சார்த்தமாகக் காப்புறுதி தொடங்கியது. 1973 ஆம் ஆண்டின் சட்டத்தால் விவசாயக் காப்புறுதிச் சபை நிறுவப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனை விவசாய, கமநலக் காப்புறுதிச் சபையாக விரிவாக்கியது. பயிரோடு கால்நடையும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

ஆனால் மாட்டுக் காப்புறுதியையும் பூனைக் காப்புறுதியையும் ஒன்றென எண்ணுதல் தவறாகும். கறவை மாட்டிற்குச் சந்தையில் விலை உண்டு. மாடு இறந்தால் அவ்விலையை ஈடு செய்வதே மாட்டுக் காப்புறுதியின் முதன்மையான நோக்கம். நம் வீட்டுப் பூனைக்குச் சந்தை விலை ஏது? அதனை யாரோ ஒருவர் கடதாசிப் பெட்டியில் வைத்து வாசலில் விட்டுப் போயிருப்பார். அது இறந்தால் வரும் ஈட்டுத்தொகை நமக்குப் பயன்படாது. நாம் வேண்டுவது அது உயிரோடு இருக்கையிற் சிகிச்சைக்கு ஆகும் செலவு. ஆகவே ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்தவுடன் முதலிற் கேட்க வேண்டிய வினா இதுவே: இந்தக் காப்புறுதி மரணத்துக்கா, விபத்துக்கா, நோய்க்கா? மரணத்துக்கு மாத்திரமெனில் அது பூனைக்கு உதவாது. விலையுயர்ந்த சாதிப் பூனையை வாங்கியவருக்கு மாத்திரம் பொருந்தும். விபத்துக்கு மாத்திரமெனில் அரைப்பயன். விபத்து, நோய் ஆகிய இரண்டினது சிகிச்சைச் செலவையும் ஏற்பதே முழுப்பயன் தருவது.

நம் கண்டிப் பிரதேசத்துப் பூனைகளுக்கு நேர்வன யாவை என்று பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். வளைந்து செல்லும் மலைப்பாதைகளில் வாகனத்தில் அடிபடுதல், உயர்ந்த அணைச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுந்து எலும்பு முறிதல், நாய் கடித்தல் ஆகியவை விபத்துக்கள். ஆண்பூனைகளுக்கு வருஞ் சிறுநீர் அடைப்பு, குட்டிகளைக் கொள்ளை கொள்ளும் வாந்தி பேதி நோய், முதுமையில் வருஞ் சிறுநீரக நோய், உடல் பருத்த பூனைகளுக்கு வரும் நீரிழிவு ஆகியவை நோய்கள். எலும்பு முறிவுக்கு ஒருமுறை பெருஞ் செலவு ஆகும். சிறுநீரக நோய்க்கோ மாதந்தோறுஞ் செலவு, அதுவும் ஆண்டுக்கணக்கில். நன்கு பேணப்படும் வீட்டுப் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். அதற்கு மேலும் வாழ்வதுண்டு. எனவே பத்திரம் ஓர் ஆண்டுக்கு உரியதாயினும், நம் கணக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது.

இனி, தேர்வுக்குரிய வினாக்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வயது எல்லை ஒன்று. எத்தனை மாதக் குட்டி முதல் ஏற்றுக்கொள்வர்? எத்தனை வயதுக்கு மேல் புதிதாக ஏற்கமாட்டார்? ஏற்கெனவே சேர்ந்த பூனை அவ்வயதைத் தாண்டினால் தொடர்ந்து புதுப்பிப்பரா? பூனைக்கு நோய் மிகுவது முதுமையில். அப்பொழுது கைவிடும் பத்திரம், மழை தொடங்கியதும் பிடுங்கிக்கொள்ளப்படுங் குடை போன்றது. வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறும் என்பதையும் மறத்தலாகாது. இளம் பூனைக்குச் சொல்லப்படுந் தொகையை மாத்திரம் கேளாமல், பத்து வயதுப் பூனைக்கு எவ்வளவு என்றுங் கேட்டல் வேண்டும்.

காத்திருப்புக் காலம் மற்றொன்று. பத்திரத்திற் கையொப்பமிட்ட மறுநாளே நோய்க்குப் பணங் கிடைக்காது. குறித்த சில நாட்களோ வாரங்களோ கழிந்த பின்னரே பாதுகாப்புத் தொடங்கும். பூனை நோயுற்ற பின் காப்புறுதி தேடுவோரைத் தடுப்பதற்கு இவ்விதி அவசியமே. இது நமக்கு உணர்த்துவது யாதெனில், காப்புறுதியைப் பூனை நலமாக இருக்கும்போதே தேடவேண்டும் என்பது. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும்; வந்தபின் மண் சுமந்து பயனில்லை.

முன்னரே இருந்த நோய் பற்றிய விதி இதனோடு தொடர்புடையது. சேரும் முன்னரே தோன்றிய நோய்க்குப் பெரும்பாலும் பணங் கொடுக்கமாட்டார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சில பத்திரங்களில் ஓர் ஆண்டில் வந்த நோய், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது முன்னரே இருந்த நோயாகிவிடும். வேறு சில, ஆண்டுதோறும் புதுப்பித்து வருமளவும் அதே நோய்க்குத் தொடர்ந்து உதவும். சிறுநீரக நோய், நீரிழிவு போன்ற நெடுநோய்களுக்கு இரண்டாம் வகையே பயன்படும். இவ்வொரு வினாவைக் கேளாது பத்திரம் வாங்கியவர், இரண்டாம் ஆண்டில் ஏமாற்றமடைவர்.

அடுத்தது பணக் கணக்கு. இதில் மூன்று சொற்களை அறிதல் வேண்டும். செலவின் முதற்பகுதியாகிய ஒரு தொகையை உரிமையாளரே ஏற்கவேண்டும். மிகுதியிலும் ஒரு விகிதத்தை அவர் பகிரவேண்டும். அதற்கு மேலும் கம்பனி கொடுப்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. விளக்கத்துக்காக எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சிகிச்சைச் செலவு 40,000 ரூபா. உரிமையாளர் ஏற்கும் முதற்பகுதி 5,000 ரூபா. எஞ்சிய 35,000 ரூபாவில் நூற்றுக்கு 20 அவருடைய பங்கு. அதாவது 7,000 ரூபா. கம்பனி தருவது 28,000 ரூபா. ஆனால் உச்ச வரம்பு 25,000 ரூபாவாயின் அவ்வளவே கிடைக்கும். உரிமையாளர் கைச்செலவு 15,000 ரூபாவாகும். இதே பத்திரத்தில், ஓராண்டில் மூன்று முறை 4,000 ரூபா வீதஞ் செலவு நேர்ந்தால், ஒவ்வொன்றும் முதற்பகுதியைவிடக் குறைவாதலால் ஒரு சதமுங் கிடைக்காது. எனவே, உச்ச வரம்பு ஆண்டு முழுவதற்கும் உரியதா, ஒரு நோய்க்கு உரியதா; முதற்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு கோரிக்கைக்குமா என்று கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கட்டுப்பணம் குறைந்த பத்திரம் மலிவானதென்று எண்ணுவோர் இந்த மூன்று எண்களையும் பார்க்காதவரே.

காப்புறுதி ஏற்காதவை எவை என்பதும் முக்கியம். தடுப்பூசி, கருத்தடைச் சத்திரசிகிச்சை, பூச்சி மருந்து ஆகியவை எதிர்பாராத செலவுகள் அல்ல. நாட்காட்டியிற் குறித்து வைக்கத்தக்கவை. ஆகையால் சாதாரணப் பத்திரங்கள் இவற்றை விலக்கும். ஆனால் பூனையைக் காப்பவற்றுள் தலையாயவை இவையே. விசர்நோய் நாயால் மாத்திரமன்றிப் பூனையாலும் மனிதருக்குத் தொற்றும். இந்நோயைக் கட்டுப்படுத்த இத்தீவில் 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீட்க வழியில்லை என்றே சொல்லலாம். பூனைக்கு உரிய காலத்தில் விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்து, வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போடுவித்தல் ஒவ்வொரு வீட்டாரின் கடமை. பூனை கடித்தாலோ கீறினாலோ, புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். பெண்பூனை நான்கு, ஐந்து மாத வயதிலேயே கருக்கொள்ள வல்லது. ஏறக்குறைய ஒன்பது வாரத்திற் குட்டி ஈனும். கருத்தடை செய்வியாத வீட்டில் எந்தக் காப்புறுதியும் எத்தனை பூனைக்கென்று போதும்?

காப்புறுதிப் பணம் பெறுவதற்குச் சான்றுகள் வேண்டும். பூனையின் அடையாளம், நிறம், வயது, தடுப்பூசி அட்டை, ஒவ்வொரு சிகிச்சையின் பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வைத்தல் நன்று. சாம்பல் நிறப் பூனைகள் ஓர் ஊரில் நூறு இருக்கும். ஆகவே தோலின் கீழ் இடப்படும் நுண்சில்லு அடையாளத்தைச் சில கம்பனிகள் கேட்கலாம். சிகிச்சை செய்பவர் 1956 ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்ற மிருக வைத்தியராய் இருத்தல் வேண்டும். இவ்விடயத்திற் கண்டியில் வாழ்வோர் பேறு பெற்றவரே. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் நம் அயலில் உள்ளன. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் உள்ளது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது உண்மையை மறைத்தலாகாது. பூனைக்குச் சென்ற ஆண்டு சிறுநீர்க் கோளாறு வந்ததாயின் அதனைச் சொல்லிவிட வேண்டும். காப்புறுதி என்பது முழு நம்பிக்கையின் மேல் எழும் ஒப்பந்தம். மறைத்துப் பெற்ற பத்திரம், வேண்டிய நேரத்தில் வெறுங் கடதாசியாகிவிடும்.

இனி எங்கே கேட்பது? நம் நாட்டிற் பூனைக்குரிய பத்திரங்கள், மோட்டார் வாகனக் காப்புறுதி போல மூலைக்கு மூலை விற்கப்படுவன அல்ல. 2011 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் விளைவாக, ஆயுட் காப்புறுதியும் பொதுக் காப்புறுதியும் 2015 முதல் வெவ்வேறு கம்பனிகளால் நடத்தப்படுகின்றன. பூனைக் காப்புறுதி பொதுக் காப்புறுதியைச் சார்ந்தது. ஆதலால் பொதுக் காப்புறுதிக் கம்பனிகளிடமே கேட்கவேண்டும். அவர்கள் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றவரா என்று பார்த்துக்கொள்க. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. முகவரின் வாய்மொழியை நம்பாது, மேற்சொன்ன வினாக்களுக்கு எழுத்திலே விடை பெறுக. இயன்றால் தமிழிலேயே கேட்டுப் பெறுக. பிணக்கு நேர்ந்தால் முதலிற் கம்பனிக்கு எழுத வேண்டும். தீராவிடிற் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

நேயர்களே, இப்பொழுது என் மகளின் கேள்விக்குத் திரும்புகிறேன். காப்புறுதி இருந்திருந்தால் அந்தப் பூனை பிழைத்திருக்குமா? நான் கண்ட விடை எனக்கே வியப்பைத் தந்தது. பொதுவான முறை யாதெனில், முதலில் நாம் பணங் கட்டிச் சிகிச்சை செய்விக்க வேண்டும். பின்னர் பற்றுச்சீட்டைக் கொடுத்துக் கம்பனியிடம் மீளப் பெறவேண்டும். அவ்வகைப் பத்திரம் என்னிடம் இருந்திருந்தாலும், மாதக் கடைசியில் வெறுங்கையோடிருந்த நான் சம்பள நாளையே பார்த்திருப்பேன். கம்பனி நேரே வைத்தியசாலைக்குப் பணங் கட்டுமா, நாம் கட்டி மீளப் பெறவேண்டுமா என்பது சிறு வினாவன்று. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு அதுவே பெரிய வினா.

ஆகவே காப்புறுதியோடு கைப்பணமும் வேண்டும். பூனைக்கென ஓர் உண்டியலோ, வங்கியிற் சிறு கணக்கோ வைத்தல் நன்று. மாதம் 1,000 ரூபா வீதஞ் சேர்த்தால் மூன்றாண்டில் 36,000 ரூபா ஆகும். பூனை நோயுறாதிருந்தால் அப்பணம் நம்மிடமே இருக்கும். காப்புறுதிக் கட்டுப்பணமோ திரும்பி வாராது. ஆனால் நான்காம் மாதத்திலேயே எலும்பு முறிந்தால் உண்டியலில் இருப்பது 4,000 ரூபாவே. எனவே, பெருஞ் செலவு திடீரென வந்தால் தாங்க இயலாத குடும்பத்துக்குக் காப்புறுதி பொருந்தும். ஒழுங்காகச் சேமிக்க வல்லவருக்கும், பல பூனைகளை வளர்ப்பவருக்கும், வயது முதிர்ந்த பூனையை வைத்திருப்பவருக்கும் உண்டியலே பெரும்பாலும் பொருந்தும். காப்புறுதி செய்பவரும் முதற்பகுதித் தொகைக்கும் உடனடிச் செலவுக்கும் போதிய பணத்தைத் தனியே வைத்திருத்தல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் முற்பட்டது அறிவு. ஆண்பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாது தவித்தால், அது அவசர நிலை. இரத்தத்தில் நஞ்சு மிகுந்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் இதயம் நின்றுவிடும். அதனை அன்றே வைத்தியரிடங் கொண்டுசெல்லல் வேண்டும். மனிதருக்குரிய பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். காய்ச்சல் என்று எண்ணி அதனைக் கொடாதீர்கள். லில்லி மலரும் அதன் மகரந்தமும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். பூச்சாடியில் அதனை வையாதீர்கள். இவற்றை அறிய ஒரு சதமுஞ் செலவில்லை.

கையிற் பணம் இருந்திருந்தால் முதல் நாளே கொண்டுபோயிருப்பேனா? மலச்சிக்கல் என்றெண்ணிய முதல் நாளில் அறியாமை என்னைத் தடுத்தது. இரண்டாம் நாளிற் பணம் தடுத்தது. இரண்டையும் மகளிடம் ஒப்புக்கொண்டேன். இப்பொழுது எங்கள் வீட்டில் மற்றொரு குட்டி வளர்கிறது. மகள்தான் அதனைக் கொண்டுவந்தாள். அலுமாரித் தட்டில் அதன் தடுப்பூசி அட்டையும் ஓர் உண்டியலும் இருக்கின்றன. எழுத்திற் கேட்ட வினாக்களுக்குக் கம்பனியின் விடையை எதிர்பார்த்திருக்கிறோம். விடை வந்தபின் பத்திரம் வாங்குவதா, உண்டியலே போதுமா என்பதை மகளோடு இருந்து கணக்குப் பார்த்து முடிவு செய்வோம்.